டாஃபைட் ஸ்பைனலின் ஒரு வகைதானா?

பிப்ரவரி 3

வாசகர் ஒருவர் எழுதியிருப்பது: "டாஃபைட்டை உலகின் அரிய மணிகளுள் ஒன்று என்கிறார்கள். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ ஸ்பைனல் என்ற மணிக்கு உள்ளதே. ஒப்படர்த்தியும் அதுவே. வெளிர் ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறங்களும் அவையே. பெயர் மாறிய ஸ்பைனல் என்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது?"

எண்களைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வருவது இயல்பே. இயற்கை ஸ்பைனலின் ஒளிவிலகல் எண் 1.718 அளவில் இருக்கும். டாஃபைட்டுக்கு அது 1.717 முதல் 1.724 வரை. இரண்டின் ஒப்படர்த்தியும், அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தியும், 3.60 அருகில் நிற்கிறது. கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் ஸ்பைனலுக்கு 8, டாஃபைட்டுக்கு 8 முதல் 8.5. ஆனால் ஸ்பைனல் கனசதுர அமைப்பில் படிகமாவது. எனவே ஒளி எந்தத் திசையில் நுழைந்தாலும் ஒரே வேகத்தில் செல்லும். டாஃபைட் அறுகோண அமைப்பைச் சேர்ந்தது. அதற்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்து, இரு வேறு வேகங்களில் செல்லும். இந்த ஒரு வேறுபாடே போதும், இரண்டும் ஒரே கனிமம் அல்ல என்று சொல்வதற்கு.

பிப்ரவரி 3, இரவு

வேதியியலைச் சொல்ல விட்டுவிட்டேன். ஸ்பைனலில் உள்ளவை மக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய மூன்றே. டாஃபைட்டில் இவற்றுடன் பெரிலியமும் உண்டு. அது மாசாகக் கலந்த துளி அன்று. அது இல்லாமல் அந்தப் படிகமே இல்லை.

பிப்ரவரி 5

இந்தக் கனிமம் கண்டுபிடிக்கப்பட்ட விதம் வாசகரின் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஏனெனில் அதைக் கண்டுபிடித்தவரும் முதலில் அதை ஸ்பைனல் என்றே எடுத்து வைத்தார்.

ரிச்சர்ட் டாஃபே அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்த மணியியலாளர். 1945ஆம் ஆண்டு, ராபர்ட் டாபி என்ற நகை வணிகரின் கடையில், பழைய நகைகளிலிருந்து கழற்றிப் போட்டிருந்த உதிரிக் கற்களைப் பெட்டி பெட்டியாகத் துழாவி, தமக்கு வேண்டியவற்றைப் பொறுக்கி எடுத்து வந்தார். வீட்டில் அவற்றைக் கழுவி, நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இருகண் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். வெளிர் ஊதாக் கல் ஒன்று மற்ற எல்லா வகையிலும் ஸ்பைனலைப் போலவே இருந்தது. ஆனால் அதன் வழியே பார்த்தபோது பின்பக்கத்துக் கீறல்களும் தூசுத் துகள்களும் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பைனலில் அவை ஒருபோதும் இரட்டையாகத் தெரியலாகாது.

அந்த ஆண்டு நவம்பரில் அவர் அதை லண்டனில் மணிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தை நடத்தி வந்த ஆண்டர்சனுக்கு அனுப்பினார். கல்லின் எடை 1.419 கேரட். ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றிய பெய்னும் அளந்து பார்த்தும், அறிந்த எந்தக் கனிமத்தோடும் அது பொருந்தவில்லை. பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிளாரிங்புல் எக்ஸ் கதிரால் அதன் படிக அமைப்பை ஆராய்ந்தார். கல்லிலிருந்து சிறு துண்டு ஒன்றை அறுத்தெடுத்து வேதிப் பகுப்பாய்வும் செய்தார்கள். 1951இல் அது புதிய கனிமமாக அறிவிக்கப்பட்டு, டாஃபேயின் பெயரைப் பெற்றது. பெரிலியமும் மக்னீசியமும் இன்றியமையாத பகுதிகளாக ஒன்று சேர்ந்திருக்கும் கனிமம் அதற்கு முன் அறியப்பட்டிருக்கவில்லை.

கனிமங்கள் பொதுவாகப் பாறையிலோ சுரங்கத்திலோ கண்டெடுக்கப்படும். பட்டை தீட்டுவது பிறகுதான் நடக்கும். இது முதலில் பட்டை தீட்டப்பட்டது, யாரோ அணிந்திருந்த நகையில் இருந்தது, அதிலிருந்து கழற்றப்பட்டது, அதன் பின்னரே கனிமம் என்று அறியப்பட்டது. அதை வெட்டியவரும் பதித்தவரும் அணிந்தவரும் ஸ்பைனல் என்றோ வேறெதுவென்றோ எண்ணியிருப்பார்கள். எத்தனை முறை படித்தாலும் இந்த வரிசையில் என் மனம் நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 6

கீறல் இரட்டையாகத் தெரிவதை லென்ஸிலேயே பார்த்துவிடலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். பார்க்கலாம், ஆனால் எளிதன்று. டாஃபைட்டின் இரட்டை ஒளிவிலகல், அதாவது பிரிந்த இரு கதிர்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வேறுபாடு, 0.004 முதல் 0.005 வரைதான். சிர்கான் என்ற மணியில் அது 0.059 வரை செல்வதால் பின்பக்க விளிம்புகள் தண்டவாளம் போல் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். குவார்ட்சில் 0.009, அதையே சிறிய கல்லில் பார்ப்பதற்குப் பழகிய கண் வேண்டும். டாஃபைட்டில் அதிலும் பாதி. ஒன்றரை கேரட்டுக்கும் குறைந்த கல்லில் டாஃபே அதைக் கவனித்தது பெரிய செயல்.

எளிய வழி போலாரிஸ்கோப். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு துருவணத் தகடுகளுக்கு நடுவே கல்லைச் சுழற்றினால், ஸ்பைனல் முழுச் சுற்றிலும் இருண்டே இருக்கும். டாஃபைட் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருளும்.

இந்த விவாதம் தொடங்கியதும் என்னிடம் உள்ள பொட்டலத்தை எடுத்தேன். ஸ்பைனல் என்று குறிக்கப்பட்ட 23 சிறிய கற்கள் அதில் உள்ளன. நேற்று மாலை ஒவ்வொன்றையும் மேல்முகத்தின் வழியே பார்த்தேன். 22 கற்கள் இருண்டே இருந்தன. ஒன்று, வெளிர் ஊதாக் கல், சுழற்றும்போது ஒளிர்ந்தது. இப்போதைக்கு இதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 7

நேற்றைய குறிப்பில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும்.

முதலாவது, டாஃபைட் எல்லாத் திசையிலும் நான்கு முறை ஒளிரும் என்ற பொருள்பட எழுதிவிட்டேன். அறுகோணப் படிகத்தில் ஒளி அச்சு என்று ஒரு திசை உண்டு; அந்தத் திசையில் செல்லும் ஒளி பிரியாது. வெட்டியவர் மேல்முகத்தை அந்த அச்சுக்குச் செங்குத்தாக அமைத்திருந்தால், மேல்முகத்தின் வழியே பார்க்கும்போது டாஃபைட்டும் ஸ்பைனலைப் போலவே இருண்டிருக்கும். ஆகவே குறைந்தது மூன்று திசைகளில் பார்க்க வேண்டும். அப்படியானால் என்னுடைய 22 கற்களைப் பற்றி நான் எழுதியது முடிவான சான்று ஆகாது.

இரண்டாவது, ஒளிர்ந்தது என்பதாலேயே இரட்டை ஒளிவிலகல் என்று ஆகிவிடாது. கனசதுரப் படிகத்திலும் உட்தகைவு (உள்ளே தங்கிய இறுக்கம்) இருந்தால் திட்டுத் திட்டாக ஒளி கசியும். ஊதாக் கல்லை இன்று மறுபடி பார்த்தேன். அது முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து ஒரே நேரத்தில் இருளவில்லை. குறுக்கும் நெடுக்கும் நெய்த துணியைப் போல மெல்லிய பட்டைகள் அதில் நகர்ந்தன. முதல் முறை நான் பார்க்க விரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒளிவிலகல்மானியில் அளந்தால் தீர்ந்துவிடும். கல்லுக்கும் அந்தக் கருவிக்கும் இடையே இட வேண்டிய தொடு திரவம் ஒன்று உண்டு; என்னிடம் உள்ள திரவத்தில் கந்தகம் படிகமாகப் படிந்து போயிருக்கிறது. புதியது வர வேண்டும்.

பிப்ரவரி 11

திரவம் வந்தது. ஊதாக் கல்லின் அளவீடு 1.728. கல்லை எப்படிச் சுழற்றினாலும் ஒரே நிழல் விளிம்பு, அது அசையவில்லை; அதாவது ஒளி இரண்டாகப் பிரியவில்லை.

இது டாஃபைட் அன்று. இயற்கை ஸ்பைனலும் அன்று. தீச்சுடர் உருக்கு முறையில் செய்யப்படும் செயற்கை ஸ்பைனலில், படிகம் உடையாமல் வளர்வதற்காக அலுமினிய ஆக்சைடைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதனால் அதன் ஒளிவிலகல் எண் 1.718இலிருந்து 1.728க்கு உயர்கிறது, ஒப்படர்த்தியும் 3.64 அளவுக்கு ஏறுகிறது. அந்தக் கூடுதல் அலுமினியமே படிகத்தின் அணிக்கோவையை (அணுக்களின் ஒழுங்கான அடுக்கமைப்பை) தகைவுக்கு உள்ளாக்கி, நான் பார்த்த நெசவுப் பட்டைகளையும் உண்டாக்குகிறது. மூன்று குறிகளும் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன.

ஐந்து நாள் ஒரு நம்பிக்கையோடு இருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

பிப்ரவரி 12

பெரிலியம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லன் பெரில் என்ற மணியில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். பெரிலிலிருந்து பெரிலியம் என்ற பெயர் வந்தது. பெரில் என்பது கிரேக்கத்தின் பெருல்லோஸ். அந்தச் சொல் பிராகிருதத்தின் வேளுரியத்திலிருந்து சென்றது. நாம் வைடூரியம் என்பதும் அதே சொல்தான். தமிழில் இன்று பூனைக்கண் போல் ஒளிக்கோடு ஓடும் கிரைசோபெரிலை வைடூரியம் என்கிறோம். அதுவும் பெரிலியமும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்ததே. சொல் கிரேக்கம் வரை சென்று தனிமத்தின் பெயராக மாறி வந்த பிறகும், நம் வைடூரியத்தில் பெரிலியம் இருந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 16

டாஃபைட் ஏன் இவ்வளவு அரிது என்ற கேள்விக்கு வருகிறேன். அழகாலோ கடினத்தாலோ ஒரு மணி அரிதாவதில்லை. அதன் தனிமங்கள் ஒன்று சேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தே அரிதாகிறது.

பெரிலியம் பூமியின் மேலோட்டில் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு அளவே உள்ளது. அதற்குக் காரணம் பூமிக்கு வெளியே இருக்கிறது. கார்பன், ஆக்சிஜன், மக்னீசியம், இரும்பு போன்றவை விண்மீன்களுக்குள் உருவாகின்றன. பெரிலியமோ விண்மீனின் உட்புற வெப்பத்தில் நிலைக்காமல் அழிந்துபோகும். இன்று உள்ள பெரிலியத்தின் பெரும்பகுதி, விண்வெளியில் பாயும் காஸ்மிக் கதிர்கள் கார்பன், ஆக்சிஜன் அணுக்கருக்களில் மோதி உடைத்தபோது சிதறிய துண்டுகளாகப் பிறந்தது. லேசான தனிமமாக இருந்தும் அது இவ்வளவு குறைவாக இருப்பது இதனால்தான்.

அந்தச் சிறு அளவும் பெரும்பாலும் கிரானைட் குழம்பின் கடைசி மிச்சத்தில் சேர்கிறது. அங்கே சிலிக்கா மிகுதி. எனவே பெரிலியம் சிலிக்காவோடும் அலுமினியத்தோடும் சேர்ந்து பெரில் ஆகிவிடும். சிலிக்கா குறைந்து அலுமினியம் மிகுந்த இடமானால் கிரைசோபெரில் ஆகும். டாஃபைட் உருவாகச் சிலிக்கா குறைந்திருக்க வேண்டும். அதோடு மக்னீசியமும் மிகுந்திருக்க வேண்டும். மக்னீசியமோ கிரானைட்டின் கடைசிக் குழம்பில் அநேகமாக இல்லாதது. டோலமைட் என்ற மக்னீசியக் கனிமம் கலந்த சுண்ணாம்புப் பாறைகளிலும் அடர்ந்த பழைய உருமாறிய பாறைகளிலும் இருப்பது. ஒன்றைத் தாங்கிய பாறையும் மற்றதைத் தாங்கிய பாறையும் பொதுவாகச் சந்திப்பதில்லை. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் சியாங்குவாலிங் என்ற இடத்தில் கிரானைட் சுண்ணாம்புப் பாறையை ஊடுருவிய எல்லையில் டாஃபைட் கிடைத்திருப்பது இந்த விளக்கத்தோடு நன்றாகப் பொருந்துகிறது.

மணித் தரமுள்ள கற்களில் பெரும்பாலானவை இலங்கையின் மணிப்படிவுகளிலிருந்து வந்தவை. மியான்மரிலும் தான்சானியாவின் துந்துருவிலும் சில கிடைத்திருக்கின்றன. இலங்கையில் மணி தோண்டுவோர் இல்லம் என்று சொல்லும் சரளைப் படுகை, மலைப்பாறைகள் சிதைந்து, ஆற்று நீரால் அடித்து வரப்பட்டுச் சேர்ந்தது. தாய்ப்பாறை கரைந்துபோக, கடினமான கற்கள் மட்டும் எஞ்சி, ஸ்பைனலும் நீலக்கல்லும் கிரைசோபெரிலும் சிர்கானும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அந்தக் கலவையில் ஸ்பைனலைப் போன்ற ஒன்று ஸ்பைனலோடு சேர்ந்தே அள்ளப்பட்டு, சேர்ந்தே விற்கப்பட்டு, சேர்ந்தே பட்டை தீட்டப்பட்டதில் வியப்பில்லை.

பிப்ரவரி 17

நேற்றைய குறிப்பைப் படித்தவர் ஒருவர் சின்ஹலைட்டை நினைவூட்டினார். பொருத்தமான நினைவூட்டல். நெடுங்காலம் பெரிடாட் என்ற மணியின் பழுப்பு நிற வகை என்று கருதப்பட்ட அந்த இலங்கைக் கல், 1952இல் மக்னீசியமும் அலுமினியமும் போரானும் சேர்ந்த தனிக் கனிமம் என்று அறிவிக்கப்பட்டது. அதை ஆராய்ந்தவர்களிலும் கிளாரிங்புல் ஒருவர். பெரிடாட்டின் ஒப்படர்த்தி 3.34 அளவு, சின்ஹலைட்டுக்கு 3.48; அந்த வேறுபாடு பலருக்கு முன்பே தெரிந்திருந்தும், இரும்பு கூடிய பெரிடாட் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். சின்ஹலைட்டின் படிக அமைப்பு பெரிடாட்டின் அமைப்பேதான். சிலிக்கான் இருக்க வேண்டிய இடத்தில் போரான் இருக்கிறது. போரானும் பெரிலியத்தைப் போலப் பெரும்பாலும் காஸ்மிக் கதிர்களின் மோதலில் பிறந்ததே.

பிப்ரவரி 23

ஒரு வாரமாக டாஃபைட்டின் வேதி வாய்பாட்டின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். 3ஆம் தேதி நான் எழுதிய மறுப்பின் தொனியை மாற்ற வேண்டியிருக்கிறது.

1951இல் கொடுக்கப்பட்ட வாய்பாடு, ஒரு பெரிலியம், ஒரு மக்னீசியம், நான்கு அலுமினியம், எட்டு ஆக்சிஜன் என்பது. 1981இல் இலங்கைக் கல் ஒன்றை ஆராய்ந்த சுவிஸ் ஆய்வாளர்கள், அவர்களில் ஒருவர் கூபெலின், அதில் ஒரு பெரிலியத்துக்கு மூன்று மக்னீசியம், எட்டு அலுமினியம், பதினாறு ஆக்சிஜன் இருக்கக் கண்டு, இது புதிய கனிமம் என்று முடிவு செய்து டாப்ரோபனைட் என்று பெயரிட்டார்கள். தப்ரபேன் என்பது கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். தாம்பபண்ணி, தாம்ரபர்ணி என்ற பெயர்களின் திரிபு. நம் தாமிரபரணியோடு உறவுள்ளது. 1983இல் ஷ்மெட்சர் என்ற ஆய்வாளர் டாப்ரோபனைட்டும் டாஃபைட்டும் ஒன்றே என்று காட்டினார். புதிய கல்லின் பகுப்பாய்வு சரி. 1951இன் வாய்பாடுதான் தவறு. டாப்ரோபனைட் என்ற பெயர் கைவிடப்பட்டது. அவ்வளவு நல்ல பெயர் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

பெரிலியத்தை அளப்பது எளிதன்று என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எக்ஸ் கதிர்க் குழாய்களின் சன்னலையே பெரிலியத்தால் செய்வார்கள், கதிர் தடையின்றிக் கடக்கும் என்பதற்காக. அத்தகைய தனிமம் சாதாரண எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வில் அகப்படுவதில்லை.

இனி முக்கியமான பகுதி. டாஃபைட்டின் படிகம் இரண்டு வகை அடுக்குகள் மாறி மாறி அமைந்தது. ஒன்று நோலனைட் என்ற கனிமத்தின் அமைப்பை ஒத்தது. பெரிலியம் இருப்பது அதில்தான். மற்றது ஸ்பைனலின் அமைப்பு. பெரிலிய அடுக்கின் உள்ளடக்கம், ஒரு பெரிலியம், ஒரு மக்னீசியம், நான்கு அலுமினியம், எட்டு ஆக்சிஜன். ஸ்பைனல் அடுக்கில் இரண்டு மக்னீசியம், நான்கு அலுமினியம், எட்டு ஆக்சிஜன். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: ஒரு பெரிலியம், மூன்று மக்னீசியம், எட்டு அலுமினியம், பதினாறு ஆக்சிஜன். டாஃபைட்டின் சரியான வாய்பாடு வந்துவிடுகிறது.

கூட்டி முடித்து வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1951இன் தவறான வாய்பாடு, பெரிலிய அடுக்கின் உள்ளடக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. அதில் விடுபட்டது ஸ்பைனல் அடுக்கு.

பிப்ரவரி 24

மஸ்கிரேவைட் என்ற உறவுக் கனிமத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரில் கிடைத்து 1967இல் விவரிக்கப்பட்டது. டாஃபைட்டின் அதே சேர்மம், அடுக்கு வரிசை மட்டும் வேறு என்று அப்போது எண்ணினார்கள். உண்மையில் அதில் இரண்டு பெரிலிய அடுக்குகளுக்கு ஒரு ஸ்பைனல் அடுக்கு. நேற்றைய கணக்கை அதே போல் செய்தால், ஒரு பெரிலியத்துக்கு இரண்டு மக்னீசியம், ஆறு அலுமினியம், பன்னிரண்டு ஆக்சிஜன் என்று வரும். மஸ்கிரேவைட்டின் வாய்பாடு அதுவே. பட்டை தீட்டிய மஸ்கிரேவைட் 1993இல்தான் அடையாளம் காணப்பட்டது. ஒளிவிலகல் எண்ணாலும் ஒப்படர்த்தியாலும் இதை டாஃபைட்டிலிருந்து உறுதியாகப் பிரிக்க முடியாது. ராமன் நிறமாலையோ எக்ஸ் கதிர் விளிம்பு விளைவோ வேண்டும்.

2002இல் இந்தக் குடும்பத்தின் பெயரிடு முறை மாற்றப்பட்டது. இரண்டுமே இப்போது மக்னீசியோடாஃபைட் என்ற பெயரின் கீழ் வருகின்றன; பின்னொட்டில் எத்தனை நோலனைட் அடுக்கு, எத்தனை ஸ்பைனல் அடுக்கு என்று எண்கள் உள்ளன. ஸ்பைனல் பெயரிலேயே ஏறிவிட்டது.

மார்ச் 2

முதல் கேள்வியைக் கேட்டவர் மீண்டும் வந்து, தாம் சொன்னது பாதி சரி என்று ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்கிறார். அடுக்குகளை எண்ணினால் சரியாகப் பாதி. இரண்டு வகை அடுக்கிலும் ஆக்சிஜன் அணுக்கள் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒப்படர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் ஸ்பைனலை விட்டு விலகாமல் நிற்கின்றன. அவர் சுட்டிக்காட்டிய ஒற்றுமை தற்செயல் அன்று. ஆனால் இருவகை அடுக்கு மாறி மாறி வரும்போது அடுக்கின் திசையும் அதற்குக் குறுக்கான திசையும் சமமாக இருப்பதில்லை. கனசதுரச் சமச்சீர் போய்விடுகிறது, கீறல் இரட்டையாகத் தெரிகிறது. வகை என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். ஒரே அமைப்பும் ஒரே அடிப்படைச் சேர்மமும் கொண்டு, நிறத்தாலோ மாசாலோ மாறுபடுவதே வகை. டாஃபைட் ஸ்பைனலை உள்ளடக்கியது. ஸ்பைனலில் அடங்குவது அன்று.

பொட்டலத்தில் மீதி இருந்த 22 கற்களை, கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெய்க்குள் அமிழ்த்தி, மூன்று திசைகளில் மறுபடி பார்த்து வருகிறேன். பதினெட்டு முடிந்தது, எல்லாம் இருண்டே இருந்தன. நான்கு மீதி.